இரண்டாம் இடத்துக்கு ஒரு நேர்ச்சை

மார்ச் 20, புதன்

இதன்மூலம் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் இந்த டைரியில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பவேண்டாம் என்று கேட்டும் கொள்கிறேன். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் என் டைரியைத் திருடிப் படித்துவிட்டு மாடியில் உட்கார்ந்து சிரிக்கிற என் தங்கை மக்களுக்கு இது விசேஷ அறிவிப்பு. மருமக்களே, உங்கள் தாய்மாமன் ஆவுடையப்பன், ஆவுடை சவுண்ட் சர்வீஸின் ஏக அதிபர், கல்லுமுனையின் இடிமுழக்கம், நாடாளுமன்றத் தேர்தலில் தலையிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இமயமலை சற்று நகர்ந்து உட்கார்ந்துகொள்வது அதற்கு நல்லது.

நடந்தது இதுதான். காலையில் கடையைத் திறந்து ஆம்ப்ளிபயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உப்பளத்துப் பெண்கள் நாற்பதாயிரம் பேர் வந்து கடையை வளைத்துக்கொண்டார்கள். (ஒரு லோடு வேனில் வந்தார்கள் என்று பொறாமைக்காரர்கள் சொல்லலாம்.) அவர்களுடைய சங்கத் தலைவி லீலாம்மா எம்.பி. எலெக்‌ஷனில் சுயேச்சையாக நிற்கிறாராம். ஆட்டோவில் குழாய் கட்டி ஊர் ஊராகச் சொல்ல என் தொண்டை வேண்டுமாம்.

லீலாம்மா என்பது புஷ்பலீலா. கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தில் அப்பாவையும், சுரங்கத்தை மூடிய பிறகு சாராயத்தில் புருஷனையும் இழந்தவர். நர்ஸ். எட்டு வருஷத்துக்கு முன்னால் உப்பளத்துக்காரர்களின் கால்புண்ணையும் கண் எரிச்சலையும் பார்க்க ஒரு மருத்துவ முகாமோடு வந்தார். முகாம் போய்விட்டது. இவர் போகவில்லை.

கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வாடகை எவ்வளவு என்று கேட்டார். நாட்டு நலன் கருதி பெட்ரோல் மட்டும் போதும் என்றேன்.

"ரெண்டு பெரிய கட்சிக்கும் நீங்கதான குரல் குடுத்திருக்கீங்க?" என்றார்.

பொங்கலுக்கு முன்பே பதிவு செய்து கொடுத்தாகிவிட்டது, அது தொழில் என்றேன்.

"அப்ப இது?"

அதற்கு நான் சொன்ன பதில் அவ்வளவு சிறப்பாக அமையவில்லை. எனவே இங்கே பதியவில்லை.

மார்ச் 22, வெள்ளி

தலைக்குச் சாயம் அடித்தேன். வெயிலில் முடி சூடு வாங்காமல் இருக்க.

என் தங்கை செண்பகம், கணவர் போன பிறகு என்னோடு இருந்து என்னை ஆட்சி செய்து வருபவள், அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள். சட்டை இஸ்திரி போட்டிருப்பதையும் பார்த்தாள். "மைக்கு என்ன, ஒங்க சட்டையப் பாக்கவா போவுது?" என்றாள். அரசியல் புரியாதவர்களோடு நான் வாதிடுவதில்லை.

மார்ச் 30, சனி

சின்னம் ஒதுக்கினார்கள். சுயேச்சைகளுக்கு மிச்சம் மீதியிலிருந்துதான் கிடைக்கும். பலாப்பழம், வாளி, டார்ச் லைட் என்று கண்ணுக்கு லட்சணமாக எத்தனையோ இருந்தன. மற்ற சுயேச்சைகள் அடித்துக்கொண்டு கேட்டார்கள். லீலாம்மா யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

செருப்பு.

சாஷ்டாங்கமாக விழாத குறையாகக் கெஞ்சினேன். அம்மா, ஆரத்தித் தட்டில் செருப்பை எப்படி வைப்பது? கோயில் தெருவில் செருப்பை எப்படித் தூக்கிக் காட்டுவது? இந்த நாட்டில் செருப்பைத் தூக்கிக் காட்டினால் அதற்கு வேறு அர்த்தம் அல்லவா? அவர் சங்க ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்த உப்பளத்துக்காரி பேச்சித்தாயின் காலைக் காட்டினார். பாத்தியில் நின்று நின்று உப்புநீர் தின்ற கால். பேச்சித்தாய் நானிருப்பதைப் பார்த்துச் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"இவங்க முதலாளிகிட்ட எட்டு வருசமா கேக்கறது இதத்தான்," என்றார். "சின்னமாவாச்சும் கெடைக்கட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். சரித்திரத்தில் இது முதல் தடவை. வங்கக்கடல் அரை மணி நேரம் அலையடிக்காமல் நின்று பார்த்ததாகக் கேள்வி.

ஏப்ரல் 3, புதன்

இன்று என்னை நானே நடுத்தெருவில் சந்தித்தேன்.

பஜார் முச்சந்தி. எங்கள் ஆட்டோ தெற்கே நிற்கிறது. தாவீது ஓட்டுகிறான், பின்னால் நான், எனக்கு எதிரே லீலாம்மா. வடக்கே பெரிய கட்சி ஆட்டோ வந்து நிற்கிறது. அதன் குழாயிலிருந்து என் குரல்: "ஏழைகளின் இதயத்துடிப்பே! கடலலையின் தாலாட்டே! உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்களை நாடி, உங்களைத் தேடி..." மேற்கே அடுத்த பெரிய கட்சி ஆட்டோ. அதிலும் நான்தான். அங்கேயும் உங்கள் வீட்டுப் பிள்ளைதான். பொங்கலுக்கு முன்பு ஒரே நாளில் இரண்டையும் பதிவு செய்ததால் அடைமொழிகளில் எனக்குச் சற்றுப் பற்றாக்குறை இருந்தது.

மூன்று ஆவுடையப்பன்களும் ஒரே நேரத்தில் முழங்கினோம். காக்கைகள் இலங்கைக்குக் குடிபெயர்ந்தன. டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, மூணு பேர்ல யாருக்குப் போடணும்? மூணையும் நீருதானவே சொல்லுதீரு."

கடை மொத்தமும் சிரித்தது. அங்கேதான் பெரிய கட்சியின் நகரச் செயலாளர் மந்திரமூர்த்தி உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர். என்னைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். பகையாக அல்ல, பாசமாகத்தான்.

"ஆவுடை, மரியாத வேற, ஓட்டு வேற. லீலாம்மா தெருவுல வந்தா நானே எந்திச்சு நிப்பேன். ஆனா பட்டன அமுக்குத வெரல் எந்திச்சு நிக்காது. அந்தம்மா எந்த ஊரு, எந்த ஆளுக? யாரு வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கு? அதுவும் இது டெல்லி எலெக்‌ஷன். செருப்பு போயி டெல்லில ஆட்சியா அமைக்கப் போவுது?"

இதை நான் திரும்பி வந்து ஆட்டோவில் சொன்னபோது பேச்சித்தாய்தான் பதில் சொன்னாள். அவளும் இரண்டு பெண்களும் நோட்டீஸ் கொடுக்க எங்களோடு வருகிறார்கள். "எங்க ஓட்டு என்னைக்கு வீணாப் போவாம இருந்துச்சு? இந்தத் தடவ நாங்களே பாத்து வீணாக்குதோம்."

லீலாம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "மைக்காரரே, அந்த ரெண்டு பேரவிட நீங்க கொஞ்சம் சுமாராத்தான் பேசறீங்க" என்றார்.

இந்த ஜில்லாவில் ஆண் என்று பிறந்தவனை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். இவர் மட்டும் சொல்வதில்லை. அதில் ஒன்றுமில்லை. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

புதிய உத்தரவு: உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும்.

விஷயம் என்னவென்றால், நேற்று மீனவர் தெருவில் நான் லீலாம்மாவைத் தென்னகத்தின் விடிவெள்ளி, கோலாரில் விளைந்த கடைசித் தங்கம் என்று வர்ணித்தேன். ஓர் ஆள் வீட்டுக்குள்ளிருந்தே, "போன எலெக்‌ஷன்ல வேற ஆள விடிவெள்ளின்னீரே" என்றான். லீலாம்மா மைக்கை என் கையிலிருந்து வாங்கி அணைத்தார். "நீங்க சொல்றதுல எதையும் ஜனங்க நம்பறதில்ல. அழகா இருக்கு, கேக்கறாங்க. எனக்கு அழகு வேண்டாம்."

அடைமொழி இல்லாமல் பேசுவது எனக்கு வேட்டி இல்லாமல் நிற்பது மாதிரி. ஆனாலும் இன்று காலை தெற்குத் தெருவில் பேசினேன்: "இவங்க பேரு லீலா. கோலார்லேருந்து வந்தாங்க. எட்டு வருசமா இங்கதான் இருக்காங்க. உப்பளத்துல நிழலுக்கு ஒரு கொட்டகை, குடிக்கத் தண்ணி, மழை மாசத்துல நிவாரணம், ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலி. இதத்தான் டெல்லில போய்க் கேப்பாங்க. செருப்புச் சின்னம்." அதோடு நிறுத்தினேன்.

தெருவே அமைதியாகிவிட்டது. கதவுகள் திறந்தன. ஒவ்வொருவராக வெளியே வந்து பார்த்தார்கள். ஒரு பெண் ஆட்டோ அருகே வந்து, மைக் ரிப்பேராகிவிட்டதா என்று அக்கறையோடு விசாரித்தாள்.

ஆனால் கதவுகள் திறந்தன. வழக்கமாக நான் முழங்கினால் மூடும்.

ஏப்ரல் 11, வியாழன்

மாலை. பிரசாரம் முடிந்து சாலையோரக் கடையில் டீ. தாவீது டயரைப் பார்க்கப் போயிருந்தான். லீலாம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தொண்டைக்குப் பனங்கற்கண்டு கொடுத்தார். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஜெயித்தால் டெல்லிக்கு என்ன கொண்டுபோவார் என்று கேட்டேன். ஒரு மூட்டை உப்பு என்றார். தோற்றால் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

கோலாரில் அவருடைய அக்கா தனியாக இருக்கிறாராம். பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம். வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

"டெபாசிட் கெடச்சுதுன்னு வையுங்க, ஆறுல ஒருத்தர் என்னய வேணும்னு சொல்றாங்கன்னு அர்த்தம். அப்ப இங்கயே இருந்துடுவேன். அக்காவையும் இங்க கூட்டியாந்துடுவேன். அதுவும் போச்சுன்னா, போதும் போன்னு சொல்றாங்க. போயிடணும். வெளியாளுக்கு அது தெரியணும் மைக்காரரே."

"நீங்க வெளியாளு இல்ல," என்றேன்.

"அத நீங்க மட்டும் சொன்னாப் பத்தாதே."

தாவீது வந்துவிட்டான்.

ஏப்ரல் 12, வெள்ளி

தேர்தல் கணிதத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன். ஜெயித்தால் டெல்லி. மோசமாகத் தோற்றால் கோலார். நடுவிலே தோற்றால் கல்லுமுனை. அதாவது வெற்றியும் ஆகாது, படுதோல்வியும் ஆகாது. கௌரவமான, பதமான, அளவான ஒரு தோல்வி. உலக வரலாற்றில் எந்தப் பிரசாரகனும் இப்படி ஒரு இலக்கை வைத்து உழைத்ததில்லை.

உப்பளத் தொழிற்சங்கத்தின் எதிர்காலம் கருதித்தான் இந்த ஆராய்ச்சி.

சாயங்காலம் செம்மணல் தேரிக்காட்டு இசக்கியம்மன் கோயிலுக்குப் போனேன். அம்மனிடம் முதல் இடம் கேட்காதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "தாயே, இரண்டாம் இடம் போதும். மூன்றாம் இடமாக இருந்தாலும் டெபாசிட் மட்டும் நின்றால் போதும். நின்றால் வாழ்நாள் பூராவும் உன் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் இலவசம்." அம்மன் யோசிப்பதாகத் தெரிந்தது.

கோயில் வாசலில் பேச்சித்தாயைப் பார்த்தேன். அவள் லீலாம்மா ஜெயிக்க வேண்டும் என்று முடி இறக்க நேர்ந்திருக்கிறாளாம். உப்புக் காற்றில் செம்பட்டையாகிப்போன முடி, ஆனாலும் முடி. நீங்க என்ன நேந்தீங்க அண்ணாச்சி என்று கேட்டாள். அதேதான் என்றேன்.

ஏப்ரல் 13, சனி

தூக்கமில்லை. பேச்சித்தாயின் முடி கண்ணுக்குள் நிற்கிறது. டெல்லியில் ஒரு குரல் வேண்டும் என்று அவர்கள் எத்தனை வருஷம் காத்திருக்கிறார்கள். நான் அம்மனிடம் போய்க் கத்தரிக்காய் பேரம் பேசுகிறேன்.

மறுபடியும் கோயிலுக்குப் போனேன். முதல் இடமே கொடுத்துவிடு என்றேன். சொல்லி முடிக்கும்போது குரல் கம்மிவிட்டது. தொண்டைதான். வெயில் அதிகம்.

ஏப்ரல் 17, புதன்

மாலை ஆறு மணியோடு பிரசாரம் ஓய்ந்தது. கடைசி நிமிஷத்தில் மைக் என் கையில் இருந்தது. தொகுதி மக்கள் பதினைந்து லட்சம் பேரும், ஆடு மாடுகளும், கடலில் சுறாக்களும் என் கடைசி வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். "செருப்புச் சின்னம். மறந்திராதீங்க" என்றேன். அணைத்துவிட்டேன்.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். காதுக்குள் மட்டும் குழாய் அலறிக்கொண்டே இருந்தது. லீலாம்மா தூங்கிவிட்டார். மேடு பள்ளத்தில் ஆடாமல் ஓட்டும்படி தாவீதிடம் சைகை காட்டினேன். அவன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். நேரே பார்த்து ஓட்டு என்றேன்.

ஏப்ரல் 19, வெள்ளி. வாக்குப்பதிவு

மருமக்களே, இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

உப்பளக் காலனிப் பள்ளிக்கூடம். காலையிலேயே பெண்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். திருவிழாவுக்குப் போகிற மாதிரி எல்லோர் காலிலும் செருப்பு. சிலர் மகளுடையதை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், குதிகால் பின்னால் தொங்கியது. அப்போது பெரிய கட்சியின் பூத் ஏஜெண்ட் எழுந்து, வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டருக்குள் வேட்பாளரின் சின்னத்தைக் காட்டுவது விதிமீறல் என்று ஆட்சேபித்தார். செருப்புப் போட்டு வருகிற ஒவ்வொருவரும் சின்னத்தைக் காட்டிக்கொண்டு வருகிறார்களாம்.

வாக்குச்சாவடி அதிகாரி பாவம், கணக்கு வாத்தியார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் கிடைக்கவில்லை. முன்ஜாக்கிரதையாக, எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். ஏஜெண்ட் உடனே, "சார், நீங்க?" என்றார். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் கழற்றினார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தன் பூட்ஸ் சின்னத்தில் சேராது என்று வாதிட்டு வென்றார்.

பெண்கள் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்தார்கள். வரிசை போல வரிசையாக வைத்தார்கள். சூடேறிய மணலில் வெறுங்காலோடு நின்றார்கள். அவர்களுக்கு அது பழக்கம்தான். வரிசை நீள நீளச் செருப்பு வரிசையும் நீண்டது. பள்ளிச் சுவரைத் தாண்டி, முனை திரும்பி, ரோட்டோரம் வரைக்கும். ஓட்டுப் போட வருகிறவன் யாராக இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இமயம் வரை நீண்டதாக நான் எழுதலாம். எழுதவில்லை. ரோடு வரை.

ஏஜெண்ட் மறுபடி எழுந்து அந்த வரிசையையும் ஆட்சேபித்தார். அதிகாரி வெறுங்காலோடு வெளியே வந்து பார்த்தார். "அது நூறு மீட்டரைத் தாண்டிப் போகுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லீலாம்மா ரோட்டு முனையில் நின்று அதைப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். என்னிடம் இருந்த அத்தனை அடைமொழிகளையும் தேடிப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை.

"போதும் மைக்காரரே," என்றார். நான் ஒன்றும் பேசியிருக்கவில்லை.

மே 2, வியாழன்

ஓட்டுப் பெட்டிகள் பூட்டிக் கிடக்கின்றன. நாடு முழுக்கத் தேர்தல் நடந்து முடிந்து ஜூன் மாதம்தான் எண்ணுவார்கள். என் ஆம்ப்ளிபயர் ஒன்று சங்க ஆபீஸில் கிடக்கிறது. எடுத்துவரப் போனேன். பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டேன்.

மே 13, திங்கள்

ஆம்ப்ளிபயர் எடுக்கப் போனேன். மறுபடி மறந்துவிட்டேன். வல்லாரைக் கீரை ஞாபகசக்திக்கு நல்லது என்று செண்பகம் துவையல் அரைத்து வைத்தாள். வைக்கும்போது சிரித்த மாதிரி இருந்தது.

மே 27, திங்கள்

உப்பு நன்றாக விளைகிற மாதம். பாத்தி பாத்தியாக வெள்ளை. நிமிர்ந்து பார்த்தால் கண் கூசும். லீலாம்மா பழையபடி மருந்துப் பெட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். ஒரு பெண்ணின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார். பிறகு வந்து பம்ப்செட் நிழலில் நின்றார். நிழல் ஒருவருக்குத்தான் போதும். நான் வெயிலில் நின்றேன். சூரியனோடு எனக்கு நெடுநாள் பழக்கம்.

தொகுதி நிலவரம் பற்றி மூன்று மணி நேரம் சொற்பொழிவாற்றினேன். அதாவது, கொஞ்சம் பேசினேன். மீனவர் தெருவில் பாதி நமக்கு, பஜாரில் கால்வாசி, தேரியில் சொல்ல முடியாது என்றெல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஜெயிச்சா டெல்லிக்கு வருவீங்களா, மைக்கு கட்ட?"

பாராளுமன்றத்திலே ஏற்கெனவே மைக் இருக்கிறது என்றேன்.

"தோத்தா?"

தெற்கிலிருந்து காற்று மாறுகிறது, இனி உப்பு இன்னும் நன்றாக இறுகும் என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆமாம், காற்று மாறுகிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் கேட்டாள்: "என்ன சொன்னாவ?" காற்றைப் பற்றிப் பேசினோம் என்றேன். அவள் தட்டை டங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 4, செவ்வாய். வாக்கு எண்ணிக்கை

வெற்றி! ஒன்பது லட்சம் ஓட்டு வித்தியாசம். எண்ணி எண்ணி அதிகாரிகளின் விரல்கள் தேய்ந்து இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் டெபாசிட் காலி. டெல்லியிலிருந்து விமானம் வந்து உப்பளத்தில் இறங்கியது. பைலட் வெறுங்காலோடு இறங்கி வந்து வணக்கம் வைத்தார். மந்திரமூர்த்தி தேரடியில் பேச்சித்தாய்க்குப் பதிலாகத் தானே மொட்டை போட்டுக்கொண்டார். லீலாம்மா ஒரு காலை விமானப் படியில் வைத்துக்கொண்டு திரும்பி, ஜனங்களைப் பார்த்து, டெல்லி கிடக்கட்டும், நான் இங்கேயே இருந்துகொண்டு நாட்டை ஆள்கிறேன் என்றார். வானம் பூமாரி பொழிந்தது. நனைந்தேன்.

ஜூன் 5, புதன்

டைரியை மேஜையில் விட்டுவிட்டேன். செண்பகம் படித்துவிட்டாள். தோசை வார்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே. இத மட்டுமாவது நேரா எழுதுங்க."

சரி, எழுதுகிறேன். மூன்றாம் இடம். டெபாசிட் போய்விட்டது. மயிரிழையில் போகவில்லை, நன்றாகவே போய்விட்டது. உப்பளக் காலனிப் பூத்துகளில் அவர்தான் முதல். மீனவர் தெருவில் நான் சொன்ன பாதி இல்லை, ஆனால் இருந்தது. பஜாரில் மரியாதை மட்டும் கிடைத்தது. மந்திரமூர்த்தி சொன்னது சரி. அவர் சொன்னது சரியாக இருக்கிறதே என்று அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் டீ சொன்னார்.

ஜெயித்தவர்களின் ஊர்வலத்துக்கு என் கடையின் ஸ்பீக்கர் பெட்டிகள்தான். முன்பே பேசி வைத்தது. ஏழைகளின் இதயத்துடிப்பே, கடலலையின் தாலாட்டே என்று என் குரல் நேற்று சாயங்காலம் எங்கள் தெரு வழியாகவே போயிற்று. நான் மாடியில் உட்கார்ந்து கேட்டேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

உப்பளத்துப் பெண்கள் சங்க ஆபீஸில் கூடியிருந்தார்கள் என்று தாவீது சொன்னான். அழவில்லையாம். அடுத்த தேர்தலில் பஞ்சாயத்துக்கு நிற்க யார் யார் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். பேச்சித்தாய் மொட்டை அடித்துவிட்டாளாம். ஜெயித்தால்தானே என்று கேட்டதற்கு, எங்க பூத்துல ஜெயிச்சிட்டம்லா என்றாளாம்.

என் ஆம்ப்ளிபயரை லீலாம்மா தாவீதிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். துடைத்து, வயரைச் சுற்றி, ரப்பர் போட்டு அனுப்பியிருந்தார்.

ஜூன் 7, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை லீலாம்மா மைசூர் எக்ஸ்பிரஸில் போகிறாராம். பெங்களூரில் இறங்கி அங்கிருந்து கோலார்.

செண்பகம் மூன்று தடவை என் அறை வாசலில் வந்து நின்றாள். மூன்றாவது தடவை சொன்னாள்: "ஊரு பூரா கேக்குத மாதிரி பேசத் தெரியுது. ஒரு ஆளுக்குக் கேக்குத மாதிரி பேசத் தெரியலையே அண்ணே ஒங்களுக்கு."

ஏதோ மைக்செட் விஷயமாகச் சொல்கிறாள் போலிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

வழியனுப்பு விழாவைப் பற்றி எழுதாவிட்டால் சரித்திரம் என்னை மன்னிக்காது.

கல்லுமுனை ரயில் நிலையத்தில் லட்சம் பேர். பிளாட்பாரம் போதாமல் தண்டவாளத்தில் நின்றார்கள். கூரைமேல் நின்று நான் சிங்கநாதம் செய்தேன். கண்ணீர் ஓடிக் கடலில் கலந்து உப்பளத்தில் அந்த வருஷம் இரட்டிப்பு விளைச்சல். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியை என் காலடியில் வைத்து, நீங்கள் சொன்னால்தான் வண்டி கிளம்பும் என்றார். இன்ஜின் என் பேச்சைக் கேட்டு விம்மியது.

உப்பளத்துப் பெண்கள் இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். ஒரு சின்ன மூட்டை உப்புக் கட்டிக் கொடுத்தார்கள். பேச்சித்தாய் மொட்டைத்தலையைச் சேலையால் மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள். செண்பகம் புளிச்சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். இரண்டு பேர் சாப்பிடக் காணும் அளவு. அதைக் கொடுக்கவும், பெட்டியை மேலே தூக்கி வைக்கவும் நான் உள்ளே ஏறினேன். பெட்டி கனமில்லை. வைத்துவிட்டு நின்றேன்.

"தொகுதி பூரா எனக்காகக் கேட்டீங்க," என்றார் லீலாம்மா. அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட நீங்க ஒண்ணுமே கேக்கலையே."

அதற்கு நான் அளித்த பதிலைக் கேட்டு ரயில் பெட்டியே எழுந்து நின்று கைதட்டியது. எங்கிருந்தோ வந்த ஒரு கல்யாண மாப்பிள்ளை தன் மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். டிக்கெட் பரிசோதகர் கோலார் வரைக்கும் எனக்கு இலவச டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அங்கே போய் மூடிக் கிடந்த சுரங்கத்தில் என் குரலை இறக்கினேன், தங்கம் பயந்து தானாக மேலே வந்துவிட்டது. அக்காவுக்குப் பார்வை வந்துவிட்டது. முதலில் என்னைத்தான் பார்த்தார்.

மருமக்களே, இதில் எதையும் நீங்கள் நம்பப்போவதில்லை. நம்பவும் வேண்டாம். எல்லாம் கயிறு திரித்தது. ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். வண்டி அசைந்தபோது நான் இறங்கவில்லை. லீலாம்மா எதிர் சீட்டிலிருந்த உப்பு மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அங்கே உட்கார்ந்து, டிக்கெட் இல்லாமல், அடுத்த ஜங்ஷனான மணியாச்சி வரைக்கும் போனேன்.